ரோடீ காயா... காயீயா? அருமனை டீக்கடையில் ஒரு இந்தி கிளாஸ்!

நாக்பூரில் ஒரு மெஸ். வேலைக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாவது நாள். பரிமாறுகிற அக்கா என்னைப் பார்த்து, ‘‘கானா காயா?’’ என்று கேட்டார். சாப்பிட்டாச்சான்னு கேக்குறாங்க. இது கூடவா தெரியாது? கெத்தாகச் சொன்னேன்: ‘‘மைன்னே ரோடீ காயா!’’

மேஜை முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவன் திருத்தினான்: ‘‘காயா நஹீன் பாய், காயீ!’’

எனக்குத் தலை சுற்றியது. ‘ஆ’ன்னு முடிஞ்சா ஆண்பால், ‘ஈ’ன்னு முடிஞ்சா பெண்பால். இதைத்தானே கிளாஸில் சொல்லிக் கொடுத்தாங்க? நான் ஆம்பளை. நான் எதுக்கு ‘காயீ’ன்னு சொல்லணும்? இதில் இன்னொரு குழப்பம். பரிமாறி முடித்துவிட்டு அந்த அக்கா தன் கூட்டாளியிடம், ‘‘மைன்னே கானா காயா’’ என்று சொல்லிவிட்டுப் போனார். ஆம்பளை சொன்னா ‘காயீ’, பொம்பளை சொன்னா ‘காயா’வா? என்னங்கடா உங்க இலக்கணம்!

இத்தனைக்கும் நான் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா மூணும் பாஸ். மூணு சர்ட்டிபிகேட்டும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அன்றைய சிரிப்புக்குப் பிறகு நான் வாயைத் திறக்கவே இல்லை. ‘ஹான் ஜீ’, ‘நஹீன் ஜீ’ இரண்டே வார்த்தையில் மூன்று மாதம் ஓட்டினேன். மீட்டிங்கில் பேசாதவனை யாருக்குத் தெரியும்? சம்பளம் சரியாகத்தான் வந்தது. என்னால்தான் தாங்க முடியவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன்.

ஊர் என்றால் அருமனை. கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து மேல்புறம் வழியாக வந்தால் ரப்பர் மரங்களுக்கு நடுவே வருகிற ஊர். கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பேர் போனது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கேரளா. நாக்பூரில் அவிழாத முடிச்சு இந்த ஊரில்தான் அவிழ்ந்தது. அதைத்தான் உங்களோடு ஷேர் பண்ணப் போறேன் மக்களே!

‘நீ ஆம்பளைன்னு ரோடீக்குத் தெரியுமாடே?’

எங்கள் ஊரில் ஒரு ரிட்டயர்டு சார் இருக்கிறார். ஒரு காலத்தில் பாதி ஊருக்கு இந்தி டியூஷன் எடுத்தவர். ரப்பர் ஷீட் காயப்போட்ட முற்றத்தில் உட்கார்ந்து என் சோகக் கதையைக் கேட்டவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

‘‘எடே, நீ ஆம்பளைன்னு ரோடீக்குத் தெரியுமாடே? அந்த இடத்துல வினைச்சொல்லு ஒன்னைப் பாக்காது. ரோடீயைத்தான் பாக்கும். ரோடீ பொம்பளையாக்கும்!’’

‘‘அது எப்படி சார், வினை போய் சாப்பாட்டைப் பாக்கும்?’’

‘‘சொல்லுதேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. இந்தி ஒனக்கு வராத பாஷை இல்ல மக்கா. முக்காவாசி ஒனக்க கையிலயே கெடக்கு. மிச்சம் இருக்கது ரெண்டே ரெண்டு முடிச்சு.’’

ஏற்கெனவே நம்ம பாக்கெட்டில் இருப்பவை!

சார் சொன்ன ‘முக்காவாசி’யைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் அசந்து போவீர்கள்.

வாக்கிய வரிசை: ‘ராஜூ புஸ்தகம் படிக்கிறான்’ என்பது ‘ராஜூ கிதாப் பட்தா ஹை’. யார், எதை, என்ன செய்தார் என்ற அதே வரிசை. வினை கடைசியில். இங்கிலீஷுக்காகத் தலைகீழாக நின்ற நமக்கு இது அல்வா.

உருபு பின்னால்: ‘வீட்டில்’ என்பது ‘கர் மேன்’. ‘மேஜை மேல்’ என்பது ‘மேஜ் பர்’. இங்கிலீஷ் மாதிரி முன்னால் ஒட்டாது, நம்மைப் போலப் பின்னால்தான் ஒட்டும். (மேன், மைன், ஹூன் எல்லாவற்றிலும் கடைசி ‘ன்’ மூக்கோடு நின்றுவிட வேண்டும்.)

உருபு வந்தால் சொல் வளையும்: ‘மரம்’ உருபு ஏற்றால் ‘மரத்தில்’ ஆகிறதே, அதே மாதிரி ‘கம்ரா’ (அறை) ‘கம்ரே மேன்’ ஆகும்.

எனக்கு, உனக்கு: ‘எனக்குப் பசிக்குது’ என்பது ‘முஜே பூக் லகீ ஹை’. ‘எனக்கு இந்தி வரும்’ என்பது ‘முஜே ஹிந்தீ ஆதீ ஹை’. அங்கேயும் மொழி ‘வரத்தான்’ செய்கிறது!

துணைவினை: ‘பாத்துக்கோ’ என்றால் ‘தேக் லோ’. ‘கொடுத்துடு’ என்றால் ‘தே தோ’. ‘விழுந்து போச்சு’ என்றால் ‘கிர் கயா’. ‘உடைச்சுப் போட்டான்’ என்றால் ‘தோட் டாலா’. ‘டால்னா’ என்றாலே ‘போடுவது’தான்.

மரியாதை: நாஞ்சில் நாட்டில் நீ, நீரு, நீங்க என்று மூன்று படி உண்டு. அங்கே தூ, தும், ஆப். தெரியாதவரிடம் ‘ஆப்’ போட்டுவிட்டால் எந்த ஆப்பும் வராது.

அருமனைக்காரனுக்கு மட்டும் இன்னொரு போனஸ். ‘நான் மாணவன்’ என்று தமிழில் சொன்னால் போதும். இந்தியில் அப்படி நிறுத்த முடியாது, ‘மைன் சாத்ர் ஹூன்’ என்று ஒரு வால் வேண்டும். ‘இது என் வீடு’ என்பதற்கு ‘யஹ் மேரா கர் ஹை’. இந்த ஹூன், ஹை எதுக்குன்னு சென்னைப் பையன் முழிப்பான். எங்க ஊரில் பேசுவதே ‘இது எனக்க வீடாக்கும்’ என்றுதானே? அந்த ‘ஆக்கும்’தான் ‘ஹை’. முடிந்தது பாடம்!

எழுத்திலும் லாபம் உண்டு. தமிழில் ஒரு ‘க’ இருக்கிற இடத்தில் இந்தியில் நாலு. ‘கர்’ (வீடு) என்பதில் வருவது அழுத்தி உச்சரிக்கிற நாலாவது ‘க’. மலையாள எழுத்திலும் இதே நாலு, இதே வரிசையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு இந்தி உச்சரிப்பு ஜுஜுபி.

எட்டுப் பெட்டி... நாலு வளையும், நாலு வளையாது!

தமிழில் பெயர், வினை, இடை, உரி என்று சொற்கள் நாலு வகை. இந்தியில் எட்டு. காமதா பிரசாத் குரு எழுதி 1920-ல் வெளியான ‘ஹிந்தி வ்யாகரண்’ இன்றைக்கும் பெரிய ஆதாரமாகச் சொல்லப்படும் புத்தகம். அதிலும் இந்த எட்டுதான். பெயர்களைப் பார்த்துப் பயந்துடாதீங்க.

இடத்துக்குத் தக்கபடி உருவம் மாறுகிற நாலு: சங்ஞா (பெயர்ச்சொல்), சர்வநாம் (நான், நீ, அவன் மாதிரி பெயருக்குப் பதில் வருவது), விசேஷண் (நல்ல, பெரிய மாதிரி அடைமொழி), கிரியா (வினை).

எங்கே போட்டாலும் மாறாத நாலு: கிரியா விசேஷண், சம்பந்த்போதக், சமுச்சய்போதக், விஸ்மயாதிபோதக். பேர்தான் ஆளைக் கொல்லும், ஆள் பரம சாது.

கிரியா விசேஷண் என்பது வினை எப்படி, எப்போது, எங்கே நடந்தது என்று சொல்வது. ‘தீரே தீரே சலோ’ என்றால் எங்க ஊரில் ‘பைய பைய போ’. சம்பந்த்போதக் என்பது முன்னால், பின்னால், கிட்டே மாதிரி தொடர்பு காட்டுவது. சமுச்சய்போதக் என்பது ‘ஔர்’ (உம்), ‘லேகின்’ (ஆனால்) மாதிரி இணைப்பது. கடைசி ஆள் ஆச்சரியம்: ‘அரே!’, ‘வாஹ்!’ இதுக்கெல்லாம் இலக்கணமே வேண்டாம், வாயைத் திறந்தா போதும்.

மாறாத நாலையும் அப்படியே மனப்பாடம் செய்துவிடலாம். சண்டை எல்லாம் மாறுகிற நாலோடுதான்.

முடிச்சு 1: மேஜைக்கு ஏன் சார் பொம்பளை வேஷம்?

தமிழில் ஆண், பெண் என்பது மனிதர்களுக்கு. மேஜையும் நாற்காலியும் அஃறிணை, ஆளை விடு. இந்தியில் அஃறிணையே கிடையாது. எல்லாப் பெயர்ச்சொல்லும் ஒன்று ஆண், இல்லை பெண். மேஜ், குர்ஸீ இரண்டும் பெண். வீடு (கர்) ஆண். சாதம் (சாவல்) ஆண், அதன் மேல் ஊற்றுகிற பருப்பு (தால்) பெண். லாரி (ட்ரக்) ஆண், பஸ் பெண். எங்க ஊரில் விடாமல் பெய்கிற மழை, அதாவது பாரிஷ், பெண். மழை நனைக்கிற மரம், அதாவது பேட், ஆண்.

ரூல் இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. ‘ஆ’வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், ‘ஈ’யில் முடிந்தால் பெரும்பாலும் பெண். ஆனால் பானீ (தண்ணீர்), கீ (நெய்), தஹீ (தயிர்), மோதீ (முத்து), ஹாதீ (யானை) எல்லாம் ‘ஈ’யில் முடிகிற ஆண்கள். பாஷா (மொழி), ஹவா (காற்று), தவா (மருந்து) ‘ஆ’வில் முடிகிற பெண்கள். மொழிகளின் பெயர்கள் எல்லாமே பெண். அதனால்தான் ‘ஹிந்தீ ஆதீ ஹை’.

எங்க ஊரில் ‘எனக்க வீடு’, ‘எனக்க புக்கு’ இரண்டுக்கும் ஒரே ‘எனக்க’. இந்தியில் ‘மேரா கர்’, ‘மேரீ கிதாப்’. அடைமொழியும் வளையும்: ‘அச்சா லட்கா’ (நல்ல பையன்), ‘அச்சீ லட்கீ’ (நல்ல பொண்ணு).

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்க. ‘அவன், அவள், அது’ என்று நாம் மூன்றாகப் பிரிப்பதை இந்தி பிரிப்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ‘வஹ்’. மேஜைக்குப் பால் பார்க்கிற மொழி, மனுஷனைச் சுட்டும்போது பார்க்காமல் விட்டுவிடுகிறது!

சார் சொன்ன டெக்னிக்: ‘‘கிதாப்னு தனியா படிக்காத. மேரீ கிதாப்னு படி. பானீன்னு படிக்காத, மேரா பானீன்னு படி. மேரா, மேரீயைக் கொளுத்திப் போட்டுப் படிச்சா பால் தன்னால மனசுல ஒட்டும்.’’ நோட்டில் புதிய சொல் எழுதும்போதெல்லாம் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன். ஐந்து வருஷ மனப்பாடத்தில் வராதது ஐந்து வாரத்தில் வந்தது.

முடிச்சு 2: வால் யாரைப் பார்க்குது?

இனிதான் மெயின் பிக்சர். சார் தரையில் மூன்று கோடு போட்டார்.

முதல் கோடு மலையாளம். ‘அவன் போயி, அவள் போயி, அது போயி.’ ஆள் யாராக இருந்தாலும் வினையின் வால் அசையவே அசையாது. யாரையும் பார்க்காத வால்.

இரண்டாவது கோடு தமிழ். ‘அவன் போனான், அவள் போனாள், அது போனது.’ செய்தவரை மட்டும் பார்க்கிற வால்.

மூன்றாவது கோடு இந்தி. ‘லட்கா கயா, லட்கீ கயீ.’ பையன் போனான், பெண் போனாள். இதுவரை தமிழ் மாதிரிதான். ஆனால் இறந்த காலத்தில், முடிந்துபோன செயலில், ‘எதை?’ என்ற கேள்விக்குப் பதில் வருகிற வினை என்றால் (சாப்பிட்டான், படித்தான், பார்த்தான்) செய்தவர் பெயரோடு ‘நே’ என்று ஒரு உருபு வந்து ஒட்டிக்கொள்ளும். ‘நே’ ஒட்டினால், செய்தவரின் முகம் மறைந்துவிடும். வால் திரும்பி, செய்யப்பட்ட பொருளைப் பார்க்கும்.

ராம் நே ரோடீ காயீ. ரோடீ பெண், அதனால் காயீ.

சீதா நே ஆம் காயா. ஆம் என்றால் மாம்பழம், ஆண், அதனால் காயா.

நாக்பூர் மெஸ் மர்மம் புரிந்ததா? நான் சாப்பிட்டது ரோடீ, ஆகவே காயீ. அந்த அக்கா சாப்பிட்டது கானா (சாப்பாடு), அது ஆண், ஆகவே காயா. நாங்கள் இருவரும் யார் என்பது அந்த வினைக்குத் தேவையே இல்லை!

சரி, பொருளுக்குப் பின்னாலும் ஒரு உருபு வந்துவிட்டால்? ‘ராம் நே சீதா கோ தேகா.’ ராம் சீதாவைப் பார்த்தான். ராமை ‘நே’ மறைத்துவிட்டது. சீதாவை ‘கோ’ மறைத்துவிட்டது. வால் பார்ப்பதற்கு ஆளே இல்லை. அதனால் ‘தேகா’ என்று பொதுவாக நின்றுவிடும். அப்போது அது மலையாளத்து ‘போயி’ மாதிரி!

மொத்த ரூலையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பின்னால் உருபு ஒட்டாத பெயரைத்தான் வால் பார்க்கும். செய்தவர் உருபில்லாமல் நின்றால் அவரை. அவருக்கு உருபு இருந்தால் பொருளை. இரண்டு பேருக்கும் உருபு இருந்தால் யாரையும் பார்க்காது.

சின்ன எச்சரிக்கை: போனான், வந்தான், தூங்கினான் மாதிரி ‘எதை’ கேட்க முடியாத வினைகளுக்குப் பொதுவாக ‘நே’ வராது. நிகழ்காலம், எதிர்காலத்திலும் வராது. ‘லானா’ (கொண்டுவருவது), ‘பூல்னா’ (மறப்பது) இரண்டுக்கும் ‘எதை’ கேட்கலாம், ஆனாலும் ‘நே’ வராது. இதை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள்.

‘‘பாத்தியாடே, தமிழ் வாலும் மலையாள வாலும் ஒனக்குப் பழக்கம்தான். நடுவுல ஒரு வால் மட்டும் புதுசு. அதுக்குப் போயி மூணு மாசம் வாயைப் பூட்டினியே!’’ என்றார் சார். வெட்கமாகத்தான் இருந்தது.

உஷார்... இவங்க நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருப்பாங்க!

இந்தியில் சொற்களை இன்னொரு விதமாகவும் பிரிப்பார்கள். சமஸ்கிருதத்திலிருந்து அப்படியே வந்தது தத்சம் (அக்னி). தேய்ந்து மாறியது தத்பவ் (ஆக், அதே நெருப்பு). நாட்டுச் சொல் தேசஜ். அரபு, பாரசீகம், இங்கிலீஷ் போன்றவற்றிலிருந்து வந்தது விதேஷீ. நாம் தினமும் சொல்கிற தயார், வசூல், பாக்கி, ஜில்லா எல்லாம் இந்தியிலும் உண்டு. ஆனால் சில சொற்கள் மாறுவேஷத்தில் வரும்.

சம்சாரம்: தமிழில் மனைவி. மலையாளத்தில் பேச்சு. இந்தி ‘சன்சார்’ என்றால் உலகம்!

சிக்ஷா: மலையாளத்தில் தண்டனை. இந்தியில் கல்வி. (சில கிளாஸ்களில் இரண்டும் ஒன்றுதான் பாஸ்!)

அவசரம்: நமக்கு வேகம். இந்தி ‘அவ்சர்’ என்றால் வாய்ப்பு.

உபன்யாஸ்: நமக்குக் கோயில் கதாகாலட்சேபம். இந்தியில் நாவல்.

சேட்டை: நமக்குக் குறும்பு. இந்தி ‘சேஷ்டா’ என்றால் முயற்சி.

கட்டாயம் வேறு, கற்பது வேறு

இந்தி என்றதும் சிலருக்குப் புருவம் உயரும். நியாயம்தான். 1938-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது பெரும் போராட்டம் வெடித்தது. அப்போது எங்கள் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. தமிழோடு சேர வேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர் கொடுத்த மண் இது. 1956 நவம்பர் 1-ல்தான் குமரி தமிழகத்தோடு இணைந்தது. 1968-ல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை எடுத்தது.

அதே தமிழ்நாட்டின் தலைநகரில்தான் 1918-ல் காந்தி தொடங்கிவைத்த தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவும் இருக்கிறது. முதல் பிரச்சாரகராக வந்தவர் அவரது மகன் தேவதாஸ் காந்தி. விருப்பப்பட்டவர்கள் தேர்வு எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். யாரும் திணிக்காமல், நமக்கு வேண்டும் என்று எடுத்துப் படிக்கும்போது ஒரு மொழி நம்மிடமிருந்து எதையும் பிடுங்குவதில்லை. தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதும் ஜெயமோகன் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

மால்டாக்காரர் செய்த அதே தப்பு!

கிளைமாக்ஸ் டீக்கடையில். மேற்கு வங்கத்தின் மால்டா பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒருவர் தினமும் அங்கே வருவார். புதுசாகக் கற்ற தைரியத்தில், காலையில் என்ன சாப்பிட்டீங்க பாய் என்று இந்தியில் கேட்டேன். ‘‘ரோடீ காயா’’ என்றார்.

துள்ளிக் குதிக்காத குறை! ‘‘காயா இல்லை பாய், காயீ!’’ என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சிரித்தார். ‘‘ஹமாரா பாஷா மேன் யே சப் நஹீன் ஹோதா!’’ எங்க மொழியில் இதெல்லாம் கிடையாது என்கிறார். உண்மைதான். வங்காளியில் மேஜைக்கும் நாற்காலிக்கும் ஆண், பெண் கிடையாது. வினையும் பால் பார்த்து மாறாது. அவருக்கும் இந்தி இரண்டாவது மொழிதான். சொன்ன அந்த வரியிலேயே இன்னொரு தப்பு இருக்கிறது, கண்டுபிடித்தீர்களா? பாஷா பெண்பால் ஆச்சே, ‘ஹமாரீ பாஷா’ என்று வர வேண்டும்!

எனக்கு அங்கேதான் பளிச்சென்றது. இதே தப்போடு இந்த மனிதர் கேரளாவில் வேலை பார்த்து, எல்லை தாண்டி அருமனைக்கும் வந்து, மேஸ்திரியோடு பேசி, கூலி பேசி, வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நான் இலக்கணம் தப்பாகிவிடும் என்று பயந்து வேலையையே விட்டுவிட்டு வந்தேன். எங்களில் யாருக்கு இந்தி தெரியும்?

இன்னொன்றும் கேளுங்கள். இந்துஸ்தானிக்கு முதன்முதலில் இலக்கணம் எழுதியவர்களில் இருவர், நம்மைப் போலவே அதை வெளியிலிருந்து கற்றவர்கள். 1698 வாக்கில் டச்சுக் கம்பெனிக்காரர் கெட்டலார் எழுதினார். அடுத்தவர் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்த பெஞ்சமின் ஷூல்ட்சே. சீகன்பால்கு பாதியில் விட்ட தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பை முடித்த அதே ஆள்தான், சென்னையில் இருந்தபோது லத்தீனில் இந்துஸ்தானி இலக்கணம் எழுதினார். 1740-களில் ஜெர்மனியின் ஹாலே நகரில் அது அச்சானது. தப்புத் தப்பாகப் பேசித்தான் அவர்களும் கற்றிருப்பார்கள்.

இப்போது டீக்கடையில் எங்களுக்குள் ஒரு டீல். நான் அவருக்குத் தமிழ், அவர் எனக்குப் பேச்சு இந்தி. நேற்று கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே சொன்னார்: ‘‘இது எனக்க சாயா ஆக்கும்!’’ கடை முழுக்கச் சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பில் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த மாதம் மறுபடி வடக்கே ரயில் ஏறுகிறேன். தப்பாகவாவது பேசிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். யாராவது சிரித்தால் ‘தீரே தீரே’ என்பேன்.

பைய பைய வரும் மக்களே!